ஐம்பத்தைந்து நிமிட தூரம்

டிக்கெட்டில் ஐம்பத்தைந்து நிமிடம் என்று போட்டிருக்கிறது. அதில் பத்து நிமிடத்தைத் தரையில் ஊர்ந்தே தீர்த்துவிடுவார்கள்போல. விசிறி வைத்த சின்ன விமானம். பக்கத்து சீட்டுக்காரர் பெல்ட்டைத் தேடுகிறேன் பேர்வழி என்று என் இடுப்புப் பக்கமே துழாவிக்கொண்டிருக்கிறார். வெளியே மஞ்சள் கோட்டு போட்ட ஒருவர் கையைக் காட்டிக் காட்டி எங்களை அனுப்புகிறார், போங்க போங்க என்று. போய்த்தான் ஆகவேண்டுமா. சென்னை திருச்சி தூரம் என்று நேற்று போனில் தட்டிப் பார்த்தேன். சாலை வழியாக முந்நூற்று முப்பது கிலோமீட்டர், ஆகாய வழியாக முந்நூறுகூட இல்லை. நாலு நாள் ஆகிற ஊராக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நாலு நாளில் மனசு ஒரு வழிக்கு வந்துவிடும். ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஒரு டிபன் சாப்பிட்டு ஏப்பம் விடலாம், வேறென்ன முடியும். அங்கே தம்பி நிற்பான். பையை வாங்கக் கையை நீட்டுவான். அந்தப் பை என்னிடம் இல்லை. அயனாவரத்தில், அடுத்த வீட்டுப் பத்மாசினி மாமியின் வாசலுக்குள், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. ஜவுளிக்கடையில் கொடுத்த நீலக் கட்டைப்பை. என் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், அவனுக்கும் எனக்கும் ஒரே அப்பா அம்மா என்று தாசில்தார் கொடுத்த காகிதம், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எல்லாம் அசல், எல்லாம் அதில்தான். நாளை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் கமிட்டி உட்காருகிறது. என்னுடைய ஒரு சிறுநீரகத்தை என் தம்பி திருநாவுக்கரசுக்குக் கொடுக்கச் சம்மதமா என்று என்னைக் கேட்பார்கள். அசல் காகிதம் இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். அடுத்த கமிட்டி மூன்று வாரம் கழித்துத்தான். மறந்துட்டேன்டா அரசு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மறதி யாருக்கும் வரும்.

எல்லாம் மாமியால் வந்தது. இல்லை, பாவம், மாமியை ஏன் இழுக்க வேண்டும். மாமிக்குப் பஞ்சாங்கம் இல்லாமல் பால்கூடப் பொங்காது. நேற்றுச் சாயங்காலம் வந்து நின்றாள். "வியாழக்கிழமை தெக்கே சூலம்டீ திலகம். அதுவும் இப்பேர்ப்பட்ட காரியத்துக்குப் போறே, நேக்கு மனசே ஆகலை. இன்னிக்கே பரஸ்தானம் வெச்சுடு." ஆகாத நாளில் கிளம்ப வேண்டியிருந்தால் இப்படி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பயணச் சாமானில் ஒன்றை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு நாம் கிளம்பியாயிற்று. மறுநாள் போகிறபோது அதை எடுத்துக்கொண்டு மிச்சப் பயணத்தைத் தொடர்கிறோம். சூலம் ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கும். நான் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி வாங்கவில்லை. "துண்டை வெச்சா துண்டுதான்டீ ஊருக்குப் போகும். எந்தக் காரியத்துக்குப் போறியோ அந்தக் காரியத்தோட சாமானைக் கொண்டா." அப்படித்தான் பை அங்கே போனது. "கார்த்தால நான் குளிச்சிண்டிருப்பேன். கதவைத் திறந்தே வெக்கறேன். கிரில்லுக்குள்ள கையை விட்டு எடுத்துண்டு போயிண்டே இரு, திரும்பி ஆத்துக்குள்ள போகாதே" என்றாள். ஏழரைக்கு வண்டி வந்து ஹாரன் அடித்தான். இறங்கினேன், ஏறினேன். கைப்பை தோளில், சின்ன சூட்கேஸ் கையில். இரண்டு கையும் நிறைந்திருந்தால் மூன்றாவது எப்படி ஞாபகம் வரும். ராத்திரி தூக்கமில்லை, காலையில் காபியும் சரியாக இறங்கவில்லை. நாற்பத்தொன்பது வயசில் இது சகஜம்.

மேலே ஏறிவிட்டோம். காது அடைக்கிறது. கீழே ஏரி ஏரியாக, கட்டம் கட்டமாக, யார் யாருடைய மனையோ. எந்த நிலத்தைப் பார்த்தாலும் எனக்கு சர்வே நம்பர்தான் ஞாபகம் வருகிறது, இருபத்தாறு வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தால் வேறென்ன வரும். சரி, சொல்லிவிடுகிறேன், இங்கே யார் கேட்கப்போகிறார்கள். கத்திப்பாரா பாலத்தில் ஏறும்போதே ஞாபகம் வந்துவிட்டது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வர நேரம் இருந்தது, பட்டும்படாமலும்தான், ஆனாலும் இருந்தது. வண்டியைத் திருப்புப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை திருப்பியிருப்பான், அலுத்துக்கொண்டாவது திருப்பியிருப்பான். நான் என்ன செய்தேன், போனை எடுத்து அணைத்துக் கைப்பையில் போட்டேன். விமானப் பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொன்னபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அம்மா தாயே, அதை நான் எப்பவோ பண்ணியாச்சு.

எங்கள் ஆபீசில் வாரத்துக்கு ஐந்தாறு விடுதலைப் பத்திரம் வரும். அப்பா சொத்தில் எனக்குப் பாத்தியதை வேண்டாம், அண்ணனே வைத்துக்கொள்ளட்டும், தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று அக்கா தங்கைகள் எழுதிக் கொடுப்பது. நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவார்கள். சார் தலையைத் தூக்காமலே கேட்பார், "உங்க சம்மதத்தோடதானேம்மா?" அவர்களும் தலையை ஆட்டுவார்கள். போன வருஷம் ஒருத்தி, வெற்றிலை போட்ட வாய், "சம்மதம் இல்லேன்னா என்னா சார் பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டாள். சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவளுடைய அண்ணன்தான் சிரித்தான், "சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுது சார்." அவளும் சிரித்தாள். ஆமா சார், வெளையாட்டுக்குத்தான். அவள் விரலைப் பிடித்து ரேகை மிஷினில் வைத்தது நான். விரல் ஈரமாக இருந்ததால் மூன்று தடவை பதியவில்லை, முந்தானையில் துடைச்சுட்டு வையும்மா, லைன் நிக்குதுல்ல, என்று நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அடிப்பாவி. நாளைக்கு அந்தக் கமிட்டியில் என்னைத் தனியாக உட்காரவைத்து, வீடியோ எடுத்துக்கொண்டே கேட்பார்களாம், யாராவது வற்புறுத்தினார்களா என்று. ஆஸ்பத்திரிப் பெண் போனில் சொல்லிக்கொடுத்தாள், "ஒண்ணுமில்ல மேடம், என் சொந்த விருப்பம்னு மட்டும் தெளிவா சொல்லிடுங்க." இருபத்தாறு வருஷ சர்வீசு எனக்கு. எனக்குச் சொல்லித்தருகிறாள்.

யாரும் வற்புறுத்தவில்லை, அதுதான் விஷயம். வற்புறுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உறையூர் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அரசுவின் மனைவி விமலாவுக்குச் சர்க்கரை, அவள் கொடுக்க முடியாது. பெரியண்ணன் வாசுவுக்கு ஒன்றும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறான், ஆனால் புவனா அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே ரொம்பத் தெளிவாகச் சொல்லிவிட்டாள், "எங்களுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்கு. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்கறது?" தப்பே இல்லை. அவள் புருஷன், அவள் சொல்லலாம். அப்புறம் எல்லாரும் காபி குடித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பொதுவாக எங்கேயோ பார்த்துச் சொன்னான், "திலகத்துக்கென்ன, தனி ஆளு." அவ்வளவுதான் பேச்சு. எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு புருஷன் இல்லை, அம்மா வேண்டாம்மா என்று அழ ஒரு பிள்ளை இல்லை. என் தகுதி அதுதான். ரத்த வகையெல்லாம் பிறகுதான் பார்த்தார்கள். நான் குடுக்கறேன் என்று சொன்னது நானேதான், என் வாய்தான். சொன்னவுடனே விமலா எழுந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். காலைப் பிடித்தவளிடம் யோசிச்சுச் சொல்றேன் என்று எப்படிச் சொல்வது. அரசு மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு கையைச் சொறிந்துகொண்டிருந்தான். டயாலிசிசுக்காக நரம்பை இழுத்துத் தைத்த கை, தொட்டால் உள்ளே தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி அதிரும். ஒரு தடவை தொட்டிருக்கிறேன், அப்புறம் தொடவில்லை.

பணிப்பெண் ஒரு கப்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவனுக்கு நாள் முழுக்க இரண்டு டம்ளர் தண்ணீர்தான். ஐஸ் கட்டியை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு டியூஷன் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்துகிறான். இதை நினைத்தால் எனக்குத் தண்ணீர் இறங்குவதில்லை, மூன்று மாசமாக இதே தொல்லை. குடிக்காமல் வைத்தால் அவனுக்குப் போய்ச் சேரவா போகிறது. குடி. ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். எட்டு வருஷம் முன்னால் எனக்கு டெங்கு வந்தபோது அவனுக்குப் போன் பண்ணினேன். "லீவு கெடைக்கலக்கா, ஒரு நாளுல வந்துட்டுத் திரும்பற தூரமா அது?" என்றான். ஒன்பது நாள் மாமிதான் கஞ்சி கொண்டுவந்து ஊற்றினாள். எனக்கு வேண்டியிருந்தபோது அது ஒரு ராத்திரிப் பயணம், பஸ்ஸில் இடுப்பு ஒடிகிற ஆறு மணி நேரம். அவனுக்கு வேண்டியிருக்கும்போது ஐம்பத்தைந்து நிமிடம். சே, என்ன புத்தி இது, நோயாளித் தம்பியோடு கணக்குத் தீர்க்கிறாயா. இதே அரசுதான் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்தான், பதினெட்டு வயசு அப்போது. ஹாஸ்டலில் விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினவன், மூன்று மணி நேரம் கழித்து வியர்த்துக்கொட்டி கேட்டில் நிற்கிறான். என்னடா என்றால், "பொட்டிக்குப் பூட்டு வாங்க மறந்துட்டோம்க்கா." செங்கல்பட்டில் இறங்கி, பூட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். அந்தத் தூரத்தையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். சொல்கிறேன். சொன்னாலும் பயம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, நகரமாட்டேன் என்கிறது.

என்ன பயம். கத்திக்கா. கத்திக்குத்தான் மயக்க மருந்து கொடுப்பார்களே. ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள், டாக்டர் படம் போட்டுக் காட்டினார், கொடுத்துவிட்டு மலை ஏறினவர்கூட இருக்கிறாராம். நான் எந்த மலை ஏறினேன், மூன்றாவது மாடி ஏறவே நின்று நின்று வருகிறேன். பயம் அதற்கு அப்புறம் வருகிற நாட்களைப் பற்றி. பத்து வருஷம் கழித்து, அறுபது வயசில், இந்த மிச்சம் ஒன்றும் மக்கர் பண்ணினால் யார் என் அக்காவுக்கு என்று ஓடுவார்கள். திலகத்துக்கென்ன, தனி ஆளு, என்று அப்போதும் சொல்வார்கள், வேறு அர்த்தத்தில். அதைவிட ஒன்று இருக்கிறது, வெளியே சொன்னால் வெட்கக்கேடு. எனக்குக் கொடுக்க இஷ்டமில்லை. பயம் எல்லாம் போய்விட்டாலும் இஷ்டமில்லை. அப்பாவின் கடைசி ஆறு வருஷம் நான், அம்மாவின் நாலு வருஷம் நான், லீவெல்லாம் கொடுத்தேன், வந்த ஒரு வரனையும் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, பிள்ளை வீட்டாரே அலுத்துப்போய்விட்டார்கள். இந்த உடம்பு ஒன்றுதான் முழுசாக என்னிடம் இருக்கிறது. அழகான உடம்பா, இல்லை. யாரும் கேட்டு வந்த உடம்பா, அதுவும் இல்லை. இருந்தாலும் என்னுது. இப்படி நினைக்கிற அக்கா எல்லாம் அக்காவா. கை தானாக விலாவுக்குக் கீழே போய் இடது பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, பக்கத்து சீட்டுக்காரர் "கேஸ் ட்ரபிளா மேடம்? இஞ்சி மிட்டாய் இருக்கு" என்கிறார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல மனுஷர்.

இறங்குகிறோம். அதற்குள்ளேயா. இப்போதுதானே ஏறினோம். காவேரி மணலாகக் கிடக்கிறது, ஒரு பக்கமாகக் கொஞ்சம் தண்ணீர். காது திரும்பவும் அடைக்கிறது, அடைத்த காதுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்கிறது. கத்திப்பாரா பொய். கத்திப்பாராவில் ஞாபகம் வரவில்லை, ஞாபகம் போனால்தானே வருவதற்கு. மாமி வாசலில் நின்றேன். கிரில்லுக்குள் ஸ்டூல் தெரிந்தது, ஸ்டூல்மேல் பை தெரிந்தது, பைமேல் மாமி ஒரு துளி குங்குமம்கூட வைத்திருந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம், மாமி ஏதோ முணுமுணுக்கிற சத்தம். கையை விட்டால் எட்டிவிடும். விரலை கிரில்மேல்கூட வைத்தேன். கீழே ஹாரன் அடித்தான். விரலை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். மூன்று மாடியும் இறங்கினேன். சக்கரம் தரையில் முட்டி எல்லாரும் ஒரு குலுங்கு குலுங்கினோம், பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. சரி. மறந்துட்டேன்டா அரசு. இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், தலையில் தட்டிக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது. மூன்று வாரம் கிடைக்கும். மூன்று வாரம் கழித்து வேறு ஏதாவது மறந்துகொள்ளலாம்.

வெளியே வந்தால் கூட்டத்துக்கு முன்னால் அவன்தான் நிற்கிறான். மாஸ்க், முழுக்கைச் சட்டை, சட்டைக்குள் அவன் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சூட்கேசைப் பிடுங்கிக்கொண்டான். "பையை விட்டுட்டேன்னு கவலைப்படாதக்கா. வந்துக்கிட்டிருக்கு."

"எது?"

"பைதான். ஒங்க பக்கத்து வீட்டம்மா குளிச்சுட்டு வந்து பாத்திருக்காங்க, பை அங்கயே இருக்கு. ஒனக்கு போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். ஆட்டோ புடிச்சு ஏர்போர்ட்டுக்கே வந்துட்டாங்க, நீ உள்ள போயிட்ட. பையில இருந்த காகிதத்துல என் நம்பரைப் பாத்துக் கூப்பிட்டாங்க, அழுகைன்னா அப்படி ஒரு அழுகை போன்ல, எல்லாம் என்னாலதான்னு. அடுத்த ஃபிளைட்டுக்கு அவங்களே டிக்கெட் வாங்கிட்டாங்க. இன்னைக்குத் தெக்கே சூலம்னு நீங்கதானேம்மா சொன்னீங்கன்னு கேட்டேன். சூலமாவது மண்ணாவதுன்னுட்டாங்க. ஒன்னேகாலுக்கு இங்க எறங்கிடுவாங்க." அவன் கண் சிரித்தது. "வாழ்க்கையில மொத தடவையாம் பிளேன்."

அறுபத்து மூன்று வயசு மாமி, மடிசாரில், என் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வருவாள். ஐம்பத்தைந்து நிமிடம். பஸ்ஸில் வந்திருந்தால் சாயங்காலம் வரை எனக்குக் கிடைத்திருக்கும். அந்தக் காலம் மாதிரி ரயில், மறுநாள் தபால் என்றிருந்தால் என் பொய் பிழைத்திருக்கும். எல்லாரும் எவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள், அந்த நல்லவர்களை எல்லாம் தாண்டி நான் எங்கே போவது. அப்படியே வாசலில் போட்டிருந்த ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, தலை சுத்துதா?"

"அரசு, நான் பையை மறக்கல."

"சரி, அதான் வருதே."

"மறக்கலடா. பாத்துட்டுத்தான் வந்தேன். பாத்துட்டு, விட்டுட்டு வந்தேன்." எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று எனக்கே தெரியவில்லை. "எனக்கு இஷ்டமில்லடா. பயமும் இருக்கு. பயம் இல்லேன்னாலும் இஷ்டமில்ல."

அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மாஸ்க்கைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். முகம் வீங்கியிருந்தது. யாரோ பூச்செண்டோடு ஓடினார்கள், யாரோ டாக்ஸிக்குக் கத்தினார்கள். "இதைச் சொல்லவா பிளேன் ஏறி வந்தே?" என்றான்.

"போன்ல சொல்ல வாய் வரல."

"ம்." சூட்கேசைத் தன் காலோரம் இழுத்து வைத்துக்கொண்டான். பிறகு, "மூணு மாசமா ஒன் போன் வர்றப்பல்லாம் நீ இதைத்தான் சொல்லப்போறேன்னு நெனச்சுக்கிட்டே எடுப்பேன்" என்றான்.

"திட்டுடா. நாலு அறை வேணாலும் விடு."

"அதுக்கெல்லாம் தெம்பு வேணும்க்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன், இத்தனை பேர் முன்னால், வெட்கமில்லாமல். அவன் என் முதுகில் கையை வைத்தான், அந்தக் கையைத்தான். புடவைக்கு மேலேயே அந்த அதிர்வு தெரிந்தது. "வாசுண்ணன் ஒன்ன சும்மா விடமாட்டான். விமலாவும் விடமாட்டா, கொதறிடுவாங்க ரெண்டு பேரும்" என்றான், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "நீ இஷ்டமில்லைன்னு யார்கிட்டயும் சொல்லாத. டாக்டரை நான் தனியாப் பாத்துப் பேசிக்கறேன். வீட்டுல, ஒனக்கு பி.பி. ஜாஸ்தி, அதனால வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

"எனக்கு பி.பி. கெடையாதேடா."

"இனிமே இருக்கு. எவ்வளவுன்னு சொல்லட்டும், நூத்தி அறுபது?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வேணாம், நூத்தித் தொண்ணூறுன்னே சொல்றேன்" என்றான் தம்பி. "நூத்தி அறுபதுன்னா மாத்திரை போட்டுக் கொறைச்சுட்டு வரச் சொல்லுவாங்க."